வலது குழிச் சாம்பல்

நெருப்பு தானாகப் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் பாய்லர்காரருக்குச் சந்தேகம் கிடையாது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் லாண்டரியில் இருபத்திரண்டு வருஷமாக விறகு பாய்லருக்குத் தீ போடுகிறவர். கட்டை எவ்வளவு காய்ந்திருந்தாலும் ஒரு கை வந்து கொளுத்த வேண்டும். கொளுத்தாமல் எரிந்த கட்டையை அவர் பார்த்ததில்லை.

அந்தத் தைரியத்தில்தான் வியாழக்கிழமை வார்த்தையைக் கொடுத்துவிட்டார்.

அன்று காலை அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். மனைவி அடுப்படி வாசற்படியில் நின்றாள். அதுதான் அவள் இடம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எரிகிற அடுப்பின் மேலேயே வலிப்பு வந்து விழுந்தாள். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் இன்னும் சுருங்கி மினுங்குகிறது. அன்றைக்கு அடுப்பு லைட்டரை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டார். வேலைக்குப் போகும்போதும் அது அவரோடுதான் போகும். வீட்டில் தீப்பெட்டி கிடையாது. டீ வேண்டுமென்றால் அவள் அவர் ஷிப்ட் முடியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது பிளாஸ்கில் ஆறிப்போனதைக் குடிக்க வேண்டும்.

காலை ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்று. ஆறு வருஷமாக வலிப்பு வரவில்லை. குணமாகிவிட்டது, பிறகு எதற்கு மாத்திரை என்பாள் அவள். மாத்திரை போடுவதால்தான் வரவில்லை என்பார் அவர். ரெண்டு பேரும் அதே ஆறு வருஷத்தைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். வழக்கு முடியவில்லை.

வியாழக்கிழமை அவள் கையில் மடித்த காகிதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையின் ஆண்டு விழா. போதகர் முற்றத்தில் பன்னிரண்டு கல் வைத்துப் பலிபீடம் கட்டப்போகிறார். அவரவர் தங்கள் காணிக்கையை, எதை விடப்போகிறோம் என்பதை, காகிதத்தில் எழுதி விறகின் மேல் வைக்க வேண்டும். யாரும் கொளுத்த மாட்டார்கள். வேதத்தில் எலியாவுக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கியது போல இறங்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் காகிதத்தைக் காட்டினாள். பிரிக்கவில்லை.

“விறகு எரிஞ்சா மாத்திரையை நிறுத்திடுவேன். அதைத்தான் எழுதியிருக்கேன்.”

“எரியலேன்னா?”

“பழையபடி போடுவேன். சாகற வரைக்கும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.”

அவர் முட்டையைத் திருப்பிப் போட்டார். ஒன்பது வருஷத்துச் சண்டை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிகிறது. அதுவும் செலவில்லாமல்.

“சரி” என்றார்.

“வார்த்தை?”

“வார்த்தை.”

“சிரிக்கிறீங்களா?”

“புகை” என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை மச்சான் லாண்டரிக்கு வந்தார். மனைவியின் அண்ணன், இரும்புக்கடை வைத்திருக்கிறவர், சபையில் மூப்பர். பாய்லர் அறையில் கால் வைக்க இடம் பார்த்து, விறகு அடுக்கின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். பாய்லர் சத்தத்தில் ரகசியம் பேச முடியாது. கத்தித்தான் பேச வேண்டும். மச்சான் ரகசியத்தைக் கத்தினார்.

போதகர் வாயை விட்டுவிட்டார். தொண்ணூறு பேர் வருவார்கள். பக்கத்துச் சபையிலிருந்தும் வேடிக்கை பார்க்க வருவார்கள். ஒன்றும் இறங்கவில்லையென்றால் மனுஷர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. பார்க்கவே பாவமாக இருக்கிறது. மாப்பிள்ளை நெருப்போடு குடித்தனம் பண்ணுகிறவன். ஏதாவது வழி தெரியாமலா இருக்கும்?

“எலியாவுக்கு மச்சான் இருந்தானா?” என்று கேட்டார் பாய்லர்காரர்.

“இருந்திருப்பான். எழுதாம விட்டிருப்பாங்க.”

பாய்லர்காரர் உலைக் கதவைத் திறந்து ரெண்டு கட்டையைத் தள்ளி மூடினார். முடியாது என்றார். தங்கை என்ன எழுதியிருக்கிறாள் என்பதையும் சொன்னார். மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார். போன தடவை விழுந்தபோது கையோடு போயிற்று, இந்தத் தடவை தலையாக இருக்கலாம் என்றார். இதையெல்லாம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. துணி தள்ளும் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

 மச்சான் எழுந்து கைக்குட்டையை உதறினார்.

“அவளுக்கு விசுவாசம் இருக்கு, மாப்பிள்ளை. உனக்குத்தான் பயம்.” வாசல்வரை போய்த் திரும்பினார். “நீ வெளியிலே முடியாதும்பே. உள்ளே பாத்துப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?”

தெரியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை பலிபீடம் கட்டினார்கள். சபை முன்பு ஒரு கிடங்காக இருந்த கட்டடம். முன்னால் சிமெண்ட் போட்ட முற்றம். அடுக்குகிறதற்குப் பாய்லர்காரரை வரச் சொல்லியிருந்தார் போதகர். போதகர் முன்பு கணக்கு வாத்தியார். பிரசங்கமும் படிப்படியாகத்தான் வரும். கடைசியில் விடைக்கு அடியில் ரெண்டு கோடு போட்டு முடிப்பார். கண் உள்ளே போயிருந்தது. கல்லைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. ஏமாற்றுக்காரர் இல்லை. அதுதான் தொந்தரவு. ஏமாற்றுக்காரராக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

கல்லை அடுக்கும்போது பாய்லர்காரர் வாய் சும்மா இருக்கவில்லை. வெறும் சிமெண்டின் மேல் நெருப்பு வைத்தால் தரை வெடிக்கும், அடியில் ஒரு சாண் சாம்பல் போட வேண்டும் என்றார். பழக்கதோஷம். எரியவே போவதில்லை என்று தெரிந்த நெருப்புக்குத் தரையைக் காப்பாற்றக் கிளம்பியவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

போதகருக்கு அது பிடித்துப்போயிற்று. பலிபீடத்தில் சாம்பல் எடுக்கிறது ஆசாரியனுடைய வேலை, வேதத்திலேயே இருக்கிறது என்றார்.

லாண்டரியின் பின்புறம் ரெண்டு சாம்பல் குழி. சூட்டோடு வாருவது இடது குழிக்குப் போகும். நாலு நாள் கழித்து, கை வைத்தால் சில்லென்று ஆனபிறகு, வலது குழிக்கு மாற்றுவார்கள். வலது குழிச் சாம்பலைச் செடிக்குப் போட மூட்டையில் கட்டிக்கொண்டுபோகிறவர்கள் உண்டு. குழந்தைகூட விளையாடலாம். பாய்லர்காரர் வலது குழியில் ரெண்டு டிரம் அள்ளி, துணி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கொட்டிப் பரப்பினார். மேலே கல். கல்லுக்கு நடுவில் விறகு.

விறகையும் பார்த்துத்தான் எடுத்தார். தடிக்கட்டை, உள்ளே இன்னும் ஈரம். மச்சான் குஷியில் தீக்குச்சி எறிந்தால்கூடப் பிடிக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிறைந்திருந்தது. மனைவி இரண்டாவது வரிசையில், நல்ல சேலையில். அவர் சுவர் ஓரமாக நின்றார்.

போதகரின் பிரசங்கம் மூன்று படி. முதல் படி: மனுஷன் பலியை வைக்கலாம், விறகை அடுக்கலாம், அதோடு அவன் வேலை முடிந்தது. இரண்டாவது: கூடாரத்தில் முதல் பலி வைத்த அன்று கர்த்தருடைய சந்நிதியிலிருந்து அக்கினி புறப்பட்டு வந்து பலியைப் பட்சித்தது. ஜனங்கள் முகங்குப்புற விழுந்தார்கள். தாவீதுக்கும் சாலொமோனுக்கும் எலியாவுக்கும் அப்படித்தான் வந்தது. அக்கினி என்பது கர்த்தருடைய கையெழுத்து. கேட்டது கிடைத்தது என்பதற்கு ரசீது. மூன்றாவது: ஆரோனுடைய மகன்கள் ரெண்டு பேர் கர்த்தர் கட்டளையிடாத அந்நிய அக்கினியைத் தூபகலசத்தில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதே அக்கினி அவர்களைப் பட்சித்தது. ஆகவே இங்கே யாரும் கொளுத்தக் கூடாது. ரெண்டு கோடு.

மச்சான் திரும்பிப் பாய்லர்காரரைப் பார்த்தார். பாய்லர்காரர் கட்டடத்தின் கூரையைப் பார்த்தார்.

தொண்ணூறு பேர் வரிசையாக வந்து காகிதங்களை விறகின்மேல் வைத்தார்கள். நிறைய காகிதங்கள் கட்டைகளுக்கு நடுவில் நழுவி உள்ளே போயின. மனைவியும் போய் வைத்தாள். வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் அங்கேயே நின்றாள். பின்னால் இருந்தவர் இருமினார்.

எலியா பன்னிரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். இங்கே அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கை கழுவ வைத்திருந்த வாளியில் ஒரு சொம்பு எடுத்துப் போதகர் மேல்கட்டையில் தெளித்தார். கர்த்தர் கணக்குப் பார்க்க மாட்டார் என்றார் முன்னாள் கணக்கு வாத்தியார்.

பிறகு ஜெபம்.

பத்து நிமிஷம் சத்தமாகப் போயிற்று. இருபது நிமிஷத்தில் தொண்டை கட்டிற்று. அப்புறம் அமைதி. குழந்தைகள் நெளிந்தன. பக்கத்துச் சபைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போதகர் முழங்காலில், கல்லைப் பார்த்தபடி, உதடு மட்டும் அசைய இருந்தார். பாய்லர்காரருக்கு மனசு கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ராத்திரி மாத்திரை போடுவாள். அது போதும்.

அப்போதுதான் மூன்றாவது கல்லின் அடியிலிருந்து புகை வந்தது.

நூல் மாதிரி. லேசான நீலம். வேறு யாருக்கும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் அதைப் பார்த்த கண்ணுக்குத் தெரிந்தது. மேலே இருந்து இல்லை. அடியிலிருந்து. சாம்பலிலிருந்து.

சாம்பலில் கங்கு இருக்கிறது. எப்படி இருக்கும்? வலது குழி. தானே கையால் அள்ளினாரே. ஆனாலும் இருக்கிறது. கட்டைக்குள் விழுந்த காகிதங்கள் அதன்மேல் கிடக்கின்றன.

சுவர் ஓர வாளியில் ஒரு சொம்பு மொண்டுகொண்டு ரெண்டடி வைத்தார். மச்சான் கையைப் பிடித்தார். இரும்புக்கடைக் கை.

“விடுங்க மச்சான்.”

“பேசாம இரு” என்று மச்சான் பல்லுக்குள் சொன்னார். கண் நிறைந்திருந்தது. “நல்லாத்தான் பண்ணியிருக்கே.”

காகிதம் பற்றியது. ஒன்று, பிறகு நாலு, பிறகு எல்லாம். ஈரக்கட்டை சீறியது. நனைந்த மேல்கட்டையிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. யாரோ மேகம் என்றார்கள். தொண்ணூறு பேரும் தரையில் விழுந்தார்கள். பக்கத்துச் சபைக்காரரும் விழுந்தார். நின்றிருந்தது பாய்லர்காரர் ஒருவர்தான், கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு.

மனைவி விழவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தார். உட்கார்ந்தபடியே அவரைத் திரும்பிப் பார்த்தாள். சந்தோஷம் இல்லை அந்த முகத்தில். வார்த்தை ஞாபகம் இருக்கா என்று கேட்கிற முகம்.

ஆராதனை முடிந்ததும் போதகரைத் தனியாகப் பிடித்தார். தனியாக என்றால், இருபது பேர் அவர் கையைக் குலுக்கி முடிக்கும்வரை காத்திருந்து. சாம்பலில் கங்கு கிடந்திருக்கிறது, காகிதம் அதில் பட்டுப் பிடித்தது, தப்பு தன்னுடையது என்றார். போதகர் பொறுமையாகக் கேட்டார். மூன்று நாளைக்குப்பின் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சாம்பலை அங்கே போட்டது யாரு?”

“நான்தான்.”

“உங்களைப் போட வெச்சது யாரு?”

“பழக்கம்.”

“அந்தப் பழக்கத்தைக் குடுத்தது?”

இதற்கு மேல் படிகள் எங்கே போகும் என்று தெரிந்துவிட்டது. பாய்லர்காரர் மனைவியின் மாத்திரை விஷயத்தைச் சொன்னார். போதகர் சாப்பிடுவதை நிறுத்தினார். அவருக்குத் தெரியாது. காகிதங்களை அவர் படிக்கவில்லை. தான் யாரையும் மருந்தை நிறுத்தச் சொன்னதில்லை என்றார். அப்படியானால் போடச் சொல்லுங்கள் என்றார் பாய்லர்காரர். போதகர் வெகுநேரம் பழத்தோலைப் பார்த்தார்.

“போடுன்னு நான் சொன்னா, இறங்கினது அக்கினி இல்லைன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். இன்னிக்குத் தொண்ணூறு பேர் வீட்டுக்குப் போயிருக்காங்க, பிரதர்.”

வெளியே மச்சான் காத்திருந்தார். கட்டிப்பிடித்தார். எப்படிப் பண்ணினாய் என்று கேட்க மாட்டேன், சாகும்வரை வெளியே விட மாட்டேன் என்றார். பண்ணவில்லை என்றார் பாய்லர்காரர். மச்சான் கண்ணடித்தார். அது கங்கு, தவறி வந்தது என்றார். மச்சான் இன்னொரு தடவை கண்ணடித்தார். போதகருக்கு அது வானத்திலிருந்து வந்தது. மச்சானுக்கு அது மாப்பிள்ளையின் சாமர்த்தியம். உண்மை மட்டும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இலவசமாகக் கொடுத்தும் வாங்க ஆளில்லை.

வீட்டில் மாத்திரை அட்டை குப்பைக்கூடையில் கிடந்தது. எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தார். அவள் எடுத்துத் திரும்பக் கூடையில் போட்டாள். சத்தம் போடவில்லை.

“கங்கு” என்றார்.

“சரி.”

“நான் கொண்டுவந்த சாம்பல்லே இருந்தது.”

“இருக்கட்டும். எரிஞ்சா நிறுத்திக்கோன்னீங்க. எங்கேருந்து எரியணும்னு சொல்லலை.”

நியாயம்தான்.  எரியாது என்று நினைத்துக் கொடுத்த வார்த்தை. சிரித்துக்கொண்டே கொடுத்த வார்த்தை.

சாயங்காலம் வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். லேவியராகமத்தில் அந்த இரண்டு மகன்கள் செத்த இடத்தைக் கண்டுபிடித்தார். அந்நிய அக்கினி. கர்த்தர் சொல்லாத நெருப்பு. இங்கே அதைக் கொண்டுவந்தது அவர். ரெண்டு டிரம், துணி வண்டியில். ஆனால் விழப்போவது அவர் இல்லை. அடுத்த அறையில் மனைவியின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேதத்தில் கணக்கு நேராக இருந்தது: கொண்டுவந்தவன் செத்தான். இங்கே அதுகூடச் சரியாக இல்லை.

எரிச்சலில் பக்கங்களைப் பின்னால் தள்ளினார். நாலு அதிகாரத்துக்கு முன்னால் ஓர் இடத்தில் விரல் நின்றது. அதை நாலு தடவை படித்தார்.

ராத்திரி அவள் மாத்திரை போடவில்லை. திங்கட்கிழமை காலையும் போடவில்லை. அவர் வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப்பையில் லைட்டர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அவள் அதைப் பார்த்தாள்.

லாண்டரியில் ராத்திரி ஷிப்ட்காரன் இன்னும் போகவில்லை. எந்தக் காலத்திலும் அரைக்கால் சட்டைதான் போடுவான். பேரே அரைக்கால் ஆகிவிட்டது. பாய்லர்காரர் அவனை நேராகக் குழிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வலது குழியில் சூட்டுச் சாம்பல் போட்டாயா?

“போட்டேன்ணே. வெள்ளிக்கிழமை. இடது ரொம்பிப்போச்சு.”

“சொல்லணுமா வேண்டாமா?”

“சாம்பலுக்கு யாருண்ணே தகவல் சொல்லுவா?”

பதினைந்து வருஷமாகக் கூட வேலை செய்கிறவன். அறையலாம் போல இருந்தது. அறைந்தால் அக்கினியைத் தந்தவனை அறைந்த மாதிரி ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பின் மேலும் எரிச்சல் வந்தது.

மதியம், ஷிப்ட் முடிகிற நேரத்தில், கம்பியால் வலது குழியைக் கிளறினார். ஒரு முழம் ஆழத்தில் அகப்பட்டது. கொட்டைப் பாக்கு அளவு. வெளியே சாம்பல் பூத்து வெள்ளையாக, ஊதினால் சிவப்பு. வெள்ளிக்கிழமை போட்டது. திங்கட்கிழமை உயிரோடு இருக்கிறது. பால்பவுடர் டின்னில் சாம்பலை நிரப்பி, நடுவில் அதைப் புதைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அணையாமல் இருக்க வேண்டுமே என்று இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நெருப்புக்காக ஜெபம் பண்ணினார் என்றே சொல்லலாம்.

மனைவி மிஷினில் இருந்தாள். லாண்டரித் தலையணை உறைகளைத் தைத்துக் கொடுக்கிறவள். அவர் உள்ளே வந்தபோது மிஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு தடவை தடுக்கியது. அவள் வலது கை வெட்டி இழுத்தாற்போல் ஒருமுறை துள்ளி, துணியை விட்டு விலகியது. அவ்வளவுதான். ஊசி விரலுக்கு ஒரு நூல் இடைவெளியில் இறங்கியது.

ரெண்டு பேரும் பார்த்தார்கள்.

“ஊசியை மாத்தணும்” என்றாள்.

 வாயைத் திறந்திருந்தால் அவர் கத்தியிருப்பார். தரையில் உட்கார்ந்து டின்னைத் திறந்தார். கரண்டிக் காம்பால் சாம்பலை விலக்கினார். கங்கு தெரியவில்லை. இன்னும் விலக்கினார். மறுபடி மறுபடி. டின்னின் அடி தெரிந்தது. கடைசியில் ஓரத்தில் கிடந்தது, கறுப்பாக. குனிந்து ஊதினார். சாம்பல் கண்ணில் அடித்தது. இன்னொரு தடவை ஊதினார். மிஷின் நின்றுவிட்டது தெரிந்தது. அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“மெதுவா ஊதுங்க. பாய்லரா இது?”

மெதுவாக ஊதினார். ஒரு மூலை சிவந்தது. பழைய தாள் ஒன்றைக் கிழித்து மேலே வைத்தார். தாள் பழுப்பாயிற்று, சுருண்டது, பிடித்தது. ரெண்டு பேரும் அது எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மூணு நாள்” என்றார் அவர். “வெள்ளிக்கிழமை அரைக்கால் கொட்டினது. ஞாயித்துக்கிழமை எரிஞ்சது இதோட கூடப் பொறந்தது.”

“நான் நம்பலைன்னா சொன்னேன்? புகை கீழேருந்து வந்ததை நானும்தான் பாத்தேன்.”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“பின்னே எதுக்கு…?”

 அவள் சாம்பலை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் வேதத்தை எடுத்து, அடையாளம் வைத்த இடத்தைத் திறந்து, விரல் வைத்துக் காட்டினார். படிக்கவில்லை, படித்தால் நேரமாகும். சொன்னார். அக்கினி இறங்கினது ஒரு நாள்தான். அது பிறகு பலிபீடத்தில் அணையக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் தானாக எரியும் என்று இல்லை. ஆசாரியன் காலைதோறும் கட்டை போட வேண்டும். சாம்பலை அள்ள வேண்டும். உடுப்பை மாற்றிக்கொண்டு அதைக் கொண்டுபோய் வெளியே கொட்ட வேண்டும். தினமும்.

“கர்த்தர் கொளுத்தினதுக்கே காலையிலே கட்டை வேண்டியிருக்கு. ஆறு வருஷம் வலிப்பு வரலே. அது அவர் குடுத்ததாவே இருக்கட்டும். கட்டையை யாரு போடறது?”

தன் வாழ்நாளில் அவர் பண்ணின ஒரே பிரசங்கம். முடித்ததும் வியர்த்தது.

அவள் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

“எனக்கு அது தெரியும். உங்களுக்கு முன்னாடி படிச்சவ நான். ஆசாரியன் கட்டை போட்டான், சரி. நீங்க என்னைக் கட்டை கிட்டேயே விடலியே.”

“விழுந்தியே…”

“ஒரு தடவை விழுந்தேன். ஒன்பது வருஷமா எழுந்திரிக்க விடலை. மாத்திரை போடறவரைக்கும் நான் நோயாளி. நோயாளி கையிலே லைட்டர் கிடையாது. அதான் மாத்திரையை விட்டேன்.” டின்னைக் கையால் தள்ளினாள். “ஊர்லே உள்ள எல்லா நெருப்பும் உங்க சட்டைப்பையிலேதான் இருக்கணும்.”

கோபத்தில் சொல்லவில்லை. களைப்பில் சொன்னாள். கோபமாக இருந்தால் அவருக்குத் திருப்பிச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

எழுந்துபோய்க் குப்பைக்கூடையிலிருந்து அட்டையை எடுத்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். அவருடைய நெஞ்சில் ஏதோ இறங்கியது. அது இறங்கி முடிவதற்குள் அவள் கையை நீட்டினாள்.

“குடுங்க.”

அவர் புரியாதவர்போல நின்றார். ரெண்டு விநாடி.

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை…”

“டாக்டர் ரெண்டு வருஷம் முன்னாடியே, நல்லாத்தான் இருக்கு, சமைக்கலாம், ஆள் கூப்பிடு தூரத்துலே இருந்தாப் போதும்னார். நீங்க கேக்காத மாதிரி இருந்தீங்க.”

இருந்தார்தான்.

லைட்டரை எடுத்துக் கொடுத்தார். சட்டைப்பை அந்த வடிவத்துக்கே தொங்கிப்போயிருந்தது. அவள் அடுப்படிக்குள் போனாள். அவர் பின்னால் போனார்.

“படியிலே நில்லுங்க. உள்ளே வராதீங்க.”

நின்றார். அவள் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். முதல் அழுத்தலில் பிடிக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. காஸ் வாடை வந்தது. கட்டைவிரலை இன்னும் கீழே வைத்து அழுத்த வேண்டும். அவர் வாய்வரை வந்தது.

“தெரியும்” என்றாள் அவள், திரும்பாமல்.

குமிழை மூடி, நிதானமாகப் பத்துவரை எண்ணுகிறது அவருக்குக் கேட்டது. மறுபடி திறந்தாள். அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. உள்ளே கொஞ்சம் சாம்பல்தான் இருந்தது.